முக்கால் முகம்

என் பெயர் தமிழ்மணி. போனில் ஆர்டர் கொடுக்கிறவர்கள் ஆண் என்று நினைத்து ‘சார்’ என்பார்கள். நான் வாயைத் திறந்ததும் ‘மேடம்’ என்று மாற்றிக்கொண்டு, கையோடு விலையையும் குறைக்கச் சொல்வார்கள். தருமபுரி பக்கம் இண்டூரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் வரைவதுதான் எனக்குப் பிழைப்பு. கல்யாண ஜோடி, காதுகுத்துக் குழந்தை, அறுபதாம் கல்யாணம் என்று எல்லாமே வரும். ஆனாலும் என்னை வாழவைக்கிறவர்கள் செத்துப்போனவர்கள்தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், துணி போட்டு மூடிய பெரிய படம் ஒன்றை மேடைக்குத் தூக்கி வருவார்கள். துணியை விலக்கினால், என்றோ செத்துப்போன அப்பாவோ அம்மாவோ பட்டு உடுத்திக்கொண்டு மணப்பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பெண் அழுவாள். அவளைப் பார்த்து மாமியார் அழுவார். வீடியோக்காரர் மட்டும் அழாமல் எல்லார் கண்ணீரையும் நெருக்கத்தில் பிடிப்பார். அந்தப் படத்தை வரைகிறவள் நான்.

வரைகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான். செத்தவரின் போட்டோவைத் திரையில் அடியில் போட்டு, மங்கலாக்கி, அதன்மேல் இன்னொரு லேயர் வைத்து, டேப்லெட் பேனாவால் கோட்டுக்கு மேலேயே கோடு ஓட்டுவேன். முகத்தை வெட்டி வேறோர் உடம்பில் ஒட்டி, வேட்டி சட்டை மாட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வண்ணம் பூசிவிட்டால் வேலை முடிந்தது. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், யாரும் வந்து குறை சொன்னதும் கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் என் தங்கை காவியாவுக்கு மொரப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. காவியா தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை பார்க்கிறாள். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எங்கள் அப்பா பெரியண்ணன் போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். கர்நாடகா, ஆந்திரா என்று ஊர் ஊராகக் கிணறு போடப் போவார், போன இடத்தில் ஒருமுறை லாரி கவிழ்ந்து செத்துப்போனார். அப்போது காவியா அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. அவளுக்கு அப்பா என்றால் முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கும் போட்டோதான், வேறெதுவும் தெரியாது.

தனக்கும் அந்த மாதிரி மேடைப் படம் வேண்டும் என்று அவளே கேட்டாள். நான் கேட்காமலே செய்திருப்பேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

“எல்லார் படத்துலயும் செத்தவங்க போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி நேராவே மொறைக்கறாங்கக்கா. எனக்கு அப்பா என் பக்கத்துல உக்காந்து என்னப் பாக்கணும். சும்மா ஒட்டி வைக்காத.”

சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நான் எதையும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சுவர் போட்டோவில் அப்பா நேராகப் பார்க்கிறார். அதுதான் வீட்டில் இருக்கிற ஒரே போட்டோ. வாக்காளர் அட்டையில் ஒன்று இருந்தது, அதிலிருப்பது மனிதனா மரமா என்றே தெரியாது. நேர்முகத்தை இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கம் போனது, காது கூடவே போக மறுத்துவிட்டது. ஏஐ செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். வடநாட்டு சீரியல் மாமனார் மாதிரி ஒருவர் வந்து பல் தெரியச் சிரித்தார். அப்பாவுக்கு அவ்வளவு பல் இருந்ததாக நினைவில்லை.

ஒரு முகத்தை, அது இல்லாத பக்கத்திலிருந்து வரைய வேண்டுமென்றால் வரையத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் படம் விற்றவளுக்கு இந்தச் சின்ன விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராயிங் கிளாஸ் நடக்கிறது. நடத்துகிறவள் கவிப்பிரியா, கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரி முடித்து வந்த பெண். என்னைவிடப் பத்து வயதாவது சிறியவள். மாணவர்கள் எல்லாம் தண்ணீர் பாட்டிலும் ஸ்நாக்ஸ் டப்பாவுமாக வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். பிள்ளைகள் அவளை ‘மிஸ்’ என்றன. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவள் என்னை ‘அக்கா’ என்றாள்.

முதல் நாள் ஒரு சில்வர் டம்ளரை மேஜையில் வைத்து வரையச் சொன்னாள். டம்ளர்தானே என்று இளக்காரமாக ஆரம்பித்தேன். அடியில் போட்டோ இல்லாத வெள்ளைத் தாள் எனக்குப் புதிது. கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. கடைசியில் வாய்ப் பக்கம் முழு வட்டமாகவும் அடிப்பக்கம் நேர்க்கோடாகவும் ஒரு டம்ளர் வந்தது. பக்கத்திலிருந்த பெண் குழந்தை வரைந்ததும் அப்படித்தான் இருந்தது. அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பு.

“டம்ளர் வாய் வட்டம்னு உங்களுக்குத் தெரியும், அதனால வட்டமாப் போட்டுட்டீங்க,” என்றாள் மிஸ். “தெரிஞ்சத வரையாதீங்கக்கா. பாக்கறத வரைங்க.”

எனக்கு அது பெரிய வாசகமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து சொம்பு, அண்டா, செருப்பு, அம்மா புளி தட்டுகிற சுத்தியல் என்று கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தேன். தெரிந்ததை எல்லாம் மறந்துவிட்டு, இப்போதுதான் பிறந்தவள் மாதிரி ஒவ்வொன்றையும் முறைத்தேன். வட்டங்கள் மெதுவாகச் சப்பையாகிக் கோணத்துக்கு வந்தன. பரவாயில்லை, பிடிபடுகிறது என்று நினைத்தேன்.

தலை வரைகிற பாடம் வந்தபோது மிஸ் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டினாள். முதலில் ஒரு முட்டை, அதன் நடுவே ஒரு கோடு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு, கண் என்பது குழிக்குள் இருக்கிற ஓர் உருண்டை, இமை என்பது அந்த உருண்டைமேல் போர்த்திய தோல் என்று பலகையில் போட்டுக்கொண்டே போனாள். வெளியே தெரிவதை நம்பாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரையுங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தெரிஞ்சத வரையாதீங்கன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கேட்டேன். அவள் சங்கடப்படவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “ரெண்டும்தாங்கக்கா,” என்றாள்.

ரெண்டும் என்றால் எப்படி? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே மண்டைக்குள் போட்டு உருட்டினேன். முன்சீட்டில் ஒருவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். முகம் நேராகவும் இல்லை, முழுப் பக்கவாட்டிலும் இல்லை. இதைத்தான் மிஸ் முக்கால் முகம் என்கிறாள். அப்பாவுக்கு நான் வரைய வேண்டியதும் இதுதான். ஆனால் அந்த ஆளின் முகத்தில் நான் பார்ப்பது எது, எனக்குத் தெரிந்தது எது என்று பிரிக்க முடியவில்லை. முட்டையும் குறுக்குக்கோடும் அவர்மேல் மிதந்தன. நான் முறைப்பதைப் பார்த்து அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இதற்குள் வீட்டுப் பிழைப்பும் கெட ஆரம்பித்தது. ஓசூரிலிருந்து ஒரு கல்யாண ஜோடி ஆர்டர். வழக்கமாக அரை நாள் வேலை. போட்டோவை அடியில் போட்டுப் பேனாவை வைத்ததும், மாப்பிள்ளையின் ஒரு காது மற்றதைவிட மேலே இருப்பது கண்ணில் பட்டது. முன்பெல்லாம் பட்டதே இல்லை. அதை மறைப்பதா, உள்ளது உள்ளபடி வரைவதா என்று திகைத்து, உள்ளபடியே வரைந்து அனுப்பினேன். ‘மேடம், எங்க மாப்பிள்ளைக்கு என்ன பண்ணி வச்சிருக்கீங்க’ என்று மெசேஜ் வந்தது. திருத்தினேன். திருத்தியது பிடிக்கவில்லை. பழைய மாதிரி ஓட்டவும் கை வரவில்லை, புதிதாக வரையவும் வரவில்லை. தெரியாமல் இருந்தபோது நன்றாக வரைந்தவள், தெரிந்துகொள்ளப் போய் வரையத் தெரியாதவளாக ஆகிவிட்டேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

அந்த வாரம் மிஸ் கொடுத்த வீட்டுப்பாடம் சுலபமானது. ஏதாவது ஒரு போட்டோவை எடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டு வர வேண்டும். எப்படியும் அப்பாவைத்தானே வரையப்போகிறோம் என்று சுவர் போட்டோவைப் பூமாலையோடு இறக்கி மேஜையில் வைத்தேன். அப்பாவின் இடக் கன்னம் பளிச்சென்று இருந்தது, மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. ஆகவே வெளிச்சம் இடப்பக்கம் என்று போட்டேன். பிறகு கண்ணைப் பார்த்தேன். கருவிழியில் மினுங்கும் வெள்ளைப் புள்ளி வலப்பக்கத்தில் இருந்தது.

தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். மறுபடியும் பார்த்தேன். மிஸ் சொன்ன நடுக்கோட்டை ஒரு தாளில் போட்டுப் பார்த்தபோது அப்பாவின் தலை லேசாகத் தோள் பக்கம் சாய்ந்திருந்தது. வாயும் அதே சாய்வில் இருந்தது. கண்கள் மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி நேராக இருந்தன. கற்றுக்குட்டியான எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா, அல்லது போட்டோவே அப்படித்தானா? இந்த வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக நான் சாப்பிட்டதும் தூங்கியதும் இந்த முகத்துக்குக் கீழேதான். போட்டோவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மிஸ்ஸிடம் காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். செத்தவர் படத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தயக்கம். கடைசியில், கண்ணுக்கும் முகத்துக்கும் வெளிச்சம் சேரவில்லை, தனக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று முனகினாள். அதற்குமேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்குக் கண் திறப்பது என்று பெயர். செத்தவருக்குக் கிடைக்கிற ஒரே போட்டோவில் கண் மூடியிருந்தால் வேறொருவர் கண்ணை எடுத்து வைத்துத் திறந்துவிடுவோம். நானே எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்டிருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் ஒருவருக்கு அப்படித் திறந்திருப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காசியம்மாள் என்றால் எங்கள் தெருவில் புளி மூட்டையோடுதான் எல்லாருக்கும் நினைவு வரும். போட்டோவைக் காட்டி, இது யாருடைய கண் என்று நேராகவே கேட்டேன். அம்மா மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொட்டையை ஒரு பக்கமும் சுளையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் போட்டோவிலிருந்து அப்பாவை வெட்டியெடுத்ததாம். வெயில் மூஞ்சியில் அடித்து அவர் கண்ணை மூடிவிட்டாராம். காரியத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வீட்டில் இருக்கிறவர்கள் போட்டோ ஏதாவது கொடுங்கள், ரத்த சம்பந்தம் என்றால் பொருந்தும் என்று ஸ்டூடியோக்காரர் கேட்டிருக்கிறார்.

“உன் பஸ் பாஸ் போட்டோ ஒண்ணு மீதி இருந்துச்சு. அதக் குடுத்தன்.”

என் காலடியில் கிடந்த புளியோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எடுத்த பஸ் பாஸ் போட்டோ. இவ்வளவு வருடமாகச் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்பாவுடைய கண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். மேலே பார்த்தாள், வேலிப் பக்கம் பார்த்தாள்.

“அவரு எங்க வூட்ல கண்ணத் தொறந்து இருந்தாரு? வந்தா தூங்குவாரு, எந்திரிச்சா லாரிக்குப் போயிருவாரு. இப்ப நெனச்சாலும் போட்டோல இருக்கறதுதான் வருது.”

சொல்லிவிட்டு அம்மா மறுபடி சுத்தியலை எடுத்தாள், ஆனால் தட்டவில்லை. எனக்கும் அவளை மேலே கேட்க மனம் வரவில்லை. எனக்கும் நினைவில் இருந்தது தூங்குகிற அப்பாதான். கயிற்றுக் கட்டிலில், புழுதி போகாத காலோடு, வாய் லேசாகத் திறந்தபடி. அந்த மூடிய இமைகளை மட்டும் நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒரு வழி கிடைத்தது. அப்பா குனிந்து காவியாவின் கையைப் பார்க்கட்டும். மருதாணி வைத்த கையை அவர் மடியில் வைத்திருப்பாள், அவர் அதைப் பார்த்தபடி இருப்பார். இமை தாழ்ந்திருக்கும். கண் தெரிய வேண்டியதில்லை, பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. டேப்லெட்டைத் தொடாமல் தாளில் பென்சிலால் ஆரம்பித்தேன். முட்டை, நடுக்கோடு, குழிக்குள் உருண்டை, அதன்மேல் போர்த்திய இமை. காதுக்கு, அப்பாவோடு பிறந்த சித்தப்பாவின் காதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எத்தனை தாள் கிழித்தேன் என்று கணக்கில்லை. மெல்ல மெல்ல ஒரு தலை திரும்பியது. முன்பல் கொஞ்சம் தூக்கலாக, தாடை ஒரு பக்கம் இழுத்த மாதிரி, லேசாகக் கடுகடுத்த முகம். அம்மா பார்த்துவிட்டு, “அய்யோ, இந்த மூஞ்சிதான்,” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாழ்க்கையில் அடியில் எதுவும் போடாமல் வரைந்த முதல் முகம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது காவியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தில் தன்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், அப்பாவிடம் வந்து நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மலரவில்லை.

நல்லா இருக்கு என்றாள். பிறகு யார் மாதிரியோ இருக்கிறார் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அப்பா என்னப் பாக்கலயேக்கா.”

உன் கையைத்தானே பார்க்கிறார் என்றேன். தூங்கற மாதிரி இருக்கு என்றாள். மேடையில் துணியை விலக்கும்போது கண் மூடிய படத்தைப் பார்த்தால் மொரப்பூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் சொன்னாள். சுவரைக் காட்டி, அவர் அங்கே எப்படிப் பார்க்கிறாரோ அப்படிப் பார்த்தால் போதும், அந்தக் கண்ணையே எடுத்து இதில் வைத்துவிடு என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இத்தனை வாரம் குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்ததும், ஓசூர்க்காரர் திட்டியதும், கிழித்த தாளும் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது. அது அப்பா கண்ணே இல்லடி, என் பஸ் பாஸ் போட்டோ கண்ணு, வேணும்னா அம்மாவைப் போய்க் கேள் என்று கத்திவிட்டேன்.

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? ஒரே ஒரு போட்டோவைத்தான் அவள் அப்பா என்று வைத்திருந்தாள், அதையும் பிடுங்கிவிட்டேன். காவியா எழுந்து சுவர் அருகே போனாள். உள்ளங்கையால் போட்டோவின் வாயையும் மூக்கையும் மறைத்து, கண்ணை மட்டும் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஒரே ஆளின் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

“அப்ப நான் பரீட்சைக்குப் போவறப்பல்லாம் உங்கிட்டதான் சொல்லிட்டுப் போனனா?”

 அவள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் அடுப்படியில் அவளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே போய்விட்டாள்.  நான் படத்தைச் சுருட்டிப் பீரோ மேல் வைத்தேன். வேறு யாரிடமாவது சொல்லி, வழக்கமான ஒட்டுப் படமே ஒன்று செய்து வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலையில் காவியா வேலைக்குப் போகவில்லை. பீரோ மேலிருந்த படத்தை எடுத்து என் வரையும் பலகையில் விரித்து நான்கு மூலையிலும் கிளிப் போட்டாள். முகம் இதே இருக்கட்டும், அம்மா இதுதான் அப்பா என்கிறாள், அவளுக்குத்தான் தெரியும் என்றாள்.

“கண்ண மட்டும் தொற. உன் கண்ணயே வை.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. பொய் என்று தெரிந்த பிறகு எப்படி வைப்பது? அதுவும் ஒன்பதாம் வகுப்புக் கண் இந்தக் கடுகடுத்த ஆளுக்குச் சேருமா என்று கேட்டேன். அது வேண்டாம், இப்போது இருக்கிற கண்ணை வை என்றாள். சரி என்று முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரில் சாய்த்து வைத்து என் கண்ணைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன். தாழ்ந்த இமையை அழித்தேன். அரைகுறையாக வந்தது. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அப்பா கண்ணாடியைப் பார்த்தார், அதாவது நேராக. மறுபடியும் போலீஸ் ஸ்டேஷன். காவியா பக்கம் திரும்பினால் கண்ணாடியில் என் கண் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் அவளைப் பார்க்க முடியவில்லை. மிஸ் சொன்ன இரண்டில் எதுவும் எனக்கு உதவவில்லை, அவளைப் பார்க்கிற என் கண்ணை என்னால் பார்க்கவும் முடியாது, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவும் தெரியாது.

போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று காவியா போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன். போட்டோ கைக்கு வந்தால் என் கை மறுபடி அதன்மேல் ஓட்ட ஆரம்பித்துவிடும். அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, கண்ணாடியையும் எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். நாற்காலியை இழுத்துப் படத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறாளோ அப்படியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ என்னயே பாரு. நான் சொல்றன், நீ போடு.”

உனக்கு வரையத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் இந்தக் கண்ணைத் தெரியும் என்றாள். பென்சிலைத் தாளில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் இவளை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே கிடையாது. புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது, எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்லக் கை நகர்ந்தது. மேல் இமை நடுவில் கொஞ்சம் தூக்கு, ஓரத்தில் இறக்கு. கருவிழியை மூக்குப் பக்கம் கொண்டுபோகாதே, என் பக்கம் கொண்டு வா. வெள்ளை இன்னும் கம்மி. கீழ் இமையில் ஈரம் சேருகிறது, அதை எப்படிப் போடுவாய் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, இரண்டு கோடு போட்டேன். நடுநடுவே எட்டிப் படத்தைப் பார்த்து, வேறு எங்கோ போகிறது என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வைத்தாள். கண்ணைத் துடைக்கலாமா என்றேன். வேண்டாம், அப்படியே இரு என்றாள்.

ஒரு கட்டத்துக்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பென்சில் தானாகவே ஏதோ செய்துகொண்டிருந்தது. சரியாக வருகிறதா என்று கேட்டேன்.

“இப்பப் பாக்கறாரு,” என்றாள்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.